கல்மிஷின் மென்ற கல்யாண அம்மி

எங்கள் அத்தையின் கல்யாண அம்மியை ஜல்லியாக்கிய பெருமை அவளுடைய அண்ணனையே, அதாவது என் அப்பாவையே, சேரும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டோரம் அப்போது ஒரு கல்மிஷின் போட்டிருந்தார்கள். அப்பா அங்கே மேஸ்திரி. இரண்டு இரும்புத் தாடைகள் பாறைத்துண்டுகளை மென்று துப்பும். துப்பியது ஒரு பெரிய உருளைச் சல்லடைக்குள் புரண்டு, தூசி, பொடிஜல்லி, ரோட்டு ஜல்லி என்று தனித்தனியாகக் கொட்டும். எந்தக் கண்ணிலும் நுழையாத கல் சல்லடையின் வால்பக்கம் விழும். அதை மறுபடி தாடைக்குப் போடுவார்கள். அந்த மிஷினுக்கு இஞ்சின் ஓட்டியவர்தான் மாப்பிள்ளை. அப்பா பார்த்து முடித்த சம்பந்தம்.

“எந்தங்கச்சி மிஷின் இருக்க தெசைக்கே போனதில்ல. மாப்பிள்ள மொகத்தக்கூடப் பாத்ததில்ல” என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

எங்கள் வழக்கத்தில் மணப்பெண் மிதிக்கும் அம்மி புதிதாக இருக்கவேண்டும். வேறொருத்தி அரைத்தது ஆகாது. கல்யாணத்துக்கு முதல் நாள், மலையடிவாரத்தில் கொத்திய அம்மியைக் கல்வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். சீக்கிரம் வீடு திரும்பும் அவசரத்தில் அப்பா வண்டிக் கல் முழுவதையும் மிஷினுக்குள் தள்ளச் சொல்லிவிட்டார். கல்லோடு கல்லாகக் கிடந்த அம்மியை ஒருவரும் கவனிக்கவில்லை.

“மேஸ்திரி, அம்மிய எங்க எறக்கி வச்சீக?” என்று வண்டிக்காரர் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

செய்தி கேட்டு இரண்டு வீட்டாரும் மிஷினுக்கு ஓடினார்கள். புதுப்பாவாடை போடும் நாள் போய்விடுமே என்று அழுதுகொண்டே நானும் ஓடினேன்.

“அம்மி ஒடஞ்ச பொறவு என்ன கல்யாணம்? தள்ளி வைப்போம்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா ஜல்லிக் குவியலில் மண்டிபோட்டுத் துழாவினார். பதற்றத்தில் மிஷின் மேஸ்திரிக்கே வால்பக்கம் நினைவில்லை. அத்தை மட்டும் யாரையும் ஒன்றும் கேட்காமல் இஞ்சின் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு கற்பலகை இருந்தது. ஒரு பாதம் வைக்குமளவு அகலம்; அம்மி கொத்திய புள்ளிகள் அதன்மேல் அப்படியே இருந்தன.

“இதப் பாருங்க. பொடியாகாம வால்பக்கம் கெடந்துச்சு.”

மாப்பிள்ளையின் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “மிஷினுக்கே மசியலையா? இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்!” என்று சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தத் துண்டின்மேல்தான் மாப்பிள்ளை அத்தையின் பாதத்தை எடுத்து வைத்தார். பந்தலே சிரித்தது. “எந்தங்கச்சி புத்தியே புத்தி” என்று அப்பா பந்தியில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தத் திசைக்கே போகாத அத்தைக்கு, மசியாத கல் எங்கே விழும் என்று எப்படித் தெரிந்தது? அன்று எனக்கு இது தோன்றவில்லை. நல்லவேளை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.