இரண்டு விரல் ஜன்னல்

கதை கட்டுவதென்றால் இதைவிட நன்றாகவே எனக்குக் கட்டத் தெரியும். இது நடந்தது. தர்மாவின் வெள்ளை வேன் இன்றைக்கும் ஈப்போவில் ஓடுகிறது. இடப்பக்கம் கடைசி ஜன்னலில் கண்ணாடி இருக்காது. மழை அடித்தால் சீட்டு நனையும். நனையட்டும் என்று விட்டுவிட்டான். காரணத்தை ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அறைக் கதவைச் சாத்த விடவில்லை.

கையுறைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. ஏழு பேர். கடைசியாக இறங்குகிறவள் புனிதா. முப்பத்து நாலு வயது. ரப்பர்த் தோட்டத்தை மூடியபின் அங்கிருந்தவர்களுக்குக் கிடைத்த மலிவு வீடொன்றில் தாய் மாரியம்மாவோடு இருந்தாள். தர்மாவும் அதே தோட்டத்தில் பிறந்தவன்தான். எட்டு வயதில் அவன் குடும்பம் சித்தியவான் என்ற ஊருக்குப் போய்விட்டது. அவன் திரும்பி வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது.

புனிதாவுக்கு மூடிய இடம் ஆகாது. லிப்டில் ஏற மாட்டாள். வேனில் ஜன்னலோர இடம் வேண்டும், கண்ணாடி நாலு விரல் திறந்திருக்க வேண்டும். ஏர்கோன் ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் தர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னா நடிப்புலா இது?"

"நடிப்பு இல்லண்ணே. நெஞ்ச அடைக்கும். இப்பவே செத்துருவேன்னு தோணும். போபியான்னு டாக்டர் சொல்றாரு."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவசரமே வேண்டாம், பழகப் பழக ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியை மூடிக்கொண்டு வர வேண்டும். இரண்டு மாதத்தில் நாலு விரல் மூன்றாகி, மூன்று இரண்டானது. அன்றைக்கு வேனில் ஏறியவள் விரலை வைத்து அளந்து காட்டினாள். "ரெண்டு விரல் வந்துட்டேண்ணே, பாத்தீங்களா?" பரீட்சையில் தேறியவள்போல் முகமெல்லாம் சிரிப்பு.

தர்மாவுக்குச் சனியன் அங்கேதான் பிடித்தது. டாக்டர் மாதக்கணக்கில் செய்வதை நாம் அஞ்சு நிமிடத்தில் செய்து காட்டினால் என்ன?

போன நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. மற்ற ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள். மாலையில் சாலையோரத் தேநீர்க் கடையில் வேனை நிறுத்தினான். மணி 6.47. இறங்கியவன் அவள் பக்கத்துக் கண்ணாடியை வெளியிலிருந்து தள்ளி இறுக்கி மூடினான். பழைய கொக்கி, இறுகினால் லேசில் வராது. பக்கக் கதவையும் பூட்டினான். அதற்கு உள்ளே கைப்பிடியே இல்லை. உடைந்து பல மாதம் ஆயிற்று. "நாளைக்குப் பாப்போம்லா" என்றே தள்ளிப்போட்டு வந்தான்.

"அஞ்சு நிமிஷம் உள்ளயே இரு. பயம் தெளிஞ்சிரும்."

முன்சீட்டுப் பக்கம் தாண்டி வெளியே வந்திருக்கலாமே என்பீர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். அந்தப் பயம் பிடித்தவர்களுக்கு எதிரே இருக்கும் வழியும் கண்ணில் படாது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

கடையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பேச்சு வளர்ந்தது. கூரையில் மழைச் சத்தம். வேறெதுவும் காதில் விழவில்லை.

7.11க்கு வந்து கதவைத் திறந்தான். அவள் நகமெல்லாம் ரத்தம். கண் அவனைப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் தோத்துட்டேண்ணே... தொறந்து விடுண்ணே... நான் தோத்துட்டேண்ணே..."

என்ன தோற்றாள்? இங்கே யார் விளையாடினார்கள்? அவன் கேட்பதற்குள் அவனைத் தள்ளிவிட்டு நேராகச் சாலைக்குள் ஓடினாள். லாரிக்காரன் பிரேக் போட்டான். போட்டு என்ன செய்ய.

போலீசிடம் தர்மா சொன்னது ஒரே வரி. "மழையில அவசரமா ரோட்ட கடந்துட்டா." மாரியம்மாவிடமும் அதேதான். அந்தத் தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் எம்பொண்ண பத்திரமா ஏத்தி எறக்குனியேய்யா" என்று அழுதாள். பாவி, அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கதவைப் பூட்டியது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கருமாதி முடிந்தது. மறுநாள் மாலை வேனைக் கழுவும்போதுதான் பார்த்தான். அவன் இறுக்கி மூடிய ஜன்னல் திறந்திருந்தது. சரியாக இரண்டு விரல்.

மூடினான். அடுத்த நாள் மாலை பார்த்தால் மறுபடி இரண்டு விரல். மற்ற பெண்களைக் கேட்டான். அந்தச் சீட்டில் யாருமே உட்காருவதில்லை என்றார்கள்.

அடுத்த வாரம் ஒரு விரல்.

அதற்கடுத்த வாரம் அரை விரல். அந்த இடுக்கில் மூக்கை வைத்தால் ஒரு வாசம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வாசம். இந்தப் பக்கத்தில் அதெல்லாம் நின்று எத்தனையோ வருடமாகிறது. சுற்றிலும் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. கடைசிப் பெண்ணும் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்த்தான். ஜன்னல் முழுக்க மூடியிருந்தது.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் கண்ணாடியைக் கவனித்தான். பனி படிந்திருந்தது. அதில் ஒரு கை அச்சு. புனிதாவின் கை இல்லை. சின்னக் கை. நாலு வயதுப் பிள்ளையின் கை.

துடைக்கலாம் என்று வேனின் பின்பக்கம் ஏறினான். வெளியிலிருந்து யாரோ வைத்த அச்சு என்று நினைத்தான். தேய்த்துப் பார்த்தான். அச்சு உள்பக்கம் இருந்தது.

டம்...

பக்கக் கதவு சாத்திக்கொண்டது. மணி 6.47.

காற்று இல்லை. சரிவும் இல்லை. கதவைத் தள்ளினான். அசையவில்லை. கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

புகை வாசம் ஏறியது. கண் எரிந்தது. நெஞ்சு அடைத்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது.

முன்சீட்டு எங்கே? தெரியவில்லை. நாலு பக்கமும் சுவர்தான்...

டக்... டக்... டக்...

பின்சீட்டிலிருந்து வந்தது.

அவன் திரும்பவில்லை.

கதவைப் பிறாண்டினான். கத்தினான். குரல் வரவில்லை. இப்பவே செத்துருவேன்... இப்பவே...

அவன் வாய் தானாக அசைந்தது.

"நான் தோத்துட்டேன்... நான் தோத்துட்டேன்..."

கிளிக்.

கதவு திறந்தது. வெளியே ஒருவருமில்லை.

மணி 7.11.

நேராக மாரியம்மாவின் வீட்டுக்கு ஓடினான். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாய்யா தர்மா. இப்பத்தான் லேசா கண்ணசந்தேன். புனிதா கனவுல வந்தா. 'அம்மா, தர்மாண்ணனும் தோத்துட்டாரு'ன்னு சொல்றா. என்னாய்யா விளையாட்டு அது?"

அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். ஜன்னலை மூடியது, கதவைப் பூட்டியது, கடையில் பேசிக்கொண்டிருந்தது, கடைசியில் அவள் சொன்ன வார்த்தை. மாரியம்மா அழவில்லை. திட்டவில்லை.

"நாலு வயசுல பிள்ளைங்க ஒளிஞ்சு விளையாடுனாங்கய்யா. தோட்டத்துப் புகைக் கொட்டகையில இவ ஒளிஞ்சா. வெளிய யாரோ தாப்பா போட்டுட்டாங்க. ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் கண்டுபுடிச்சோம். 'நான் தோத்துட்டேண்ணே, தொறந்து விடுண்ணே'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. நகமெல்லாம் ரத்தம். அன்னைக்குப் புடிச்ச பயம்தான்யா அது."

தர்மா கேட்டான். "யாரு பெரியம்மா தாப்பா போட்டது?"

"அன்னைக்கு சாயங்காலம்தான் உங்க வீட்டு சாமான ஏத்த சித்தியவான்லருந்து லாரி வந்துச்சி. லாரியப் பாத்ததும் போட்ட தாப்பாள எடுக்காமலே நீ ஓடிப்போயி ஏறிக்கிட்டே. மறந்துட்டே. சின்னப் பிள்ளதானே."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவளுக்குத் தெரியும்யா. நீ திரும்பி வந்தப்பவே உன்கிட்ட கேக்கணும்னேன். 'வேணாம்மா, அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு'ன்னு என் வாய மூடிட்டா."