கவிழ்த்து வைத்த சிடி பிளேயர்

மாடம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் வாங்கிய சிடி பிளேயர் பதினாறு வருடம் ஒழுங்காகப் பாடியது. போன வருடம் ஒருநாள், எந்த சிடியைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்று காட்ட ஆரம்பித்தது. ஆட்டோவில் வைத்துத் தாம்பரம் மார்க்கெட் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன்.

"லென்ஸ் பூட்ச்சுக்கா. இதுக்குப் பார்ட்ஸே வர்றதில்ல. இத்தினி வருஷம் ஓடிக்கீதே, அதுவே ஜாஸ்தி" என்றார் கடைக்காரர்.

திரும்பக் கொண்டுவந்ததும் என் கணவர் கடைசியாக ஒருமுறை பிளக்கை மாட்டிப் பார்த்தார். பாடவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்று, சிடி உள்ளே இருக்கும்போதே அதைக் கவிழ்த்து, ஸ்க்ரூவைத் திருகப் போனார்.

"ஷாக் அடிக்கப்போகுது, பிளக்கைப் பிடுங்குங்க!" என்று கத்தினேன். பதறியதில் அவர் கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டது. பிளேயர் பாடத் தொடங்கியது. நிமிர்த்தினோம், நின்றுவிட்டது. கவிழ்த்தோம், பாடியது.

போனில் சொன்னதைக் கடைக்காரர் நம்பவில்லை. மறுநாள் பைக்கில் வந்து, தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார்.

"வயசாயி லென்ஸ் தொங்கிட்டுக்கீது. கவுத்தா சிடியாண்ட வந்துடுது. இதை யாரும் தொடாதீங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வாடிக்கையாளர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர ஆரம்பித்தார். முன்பின் தெரியாதவர்கள் எங்கள் ஹாலில் தலையைச் சாய்த்து, தலைகீழாக ஓடும் எண்களைப் படித்தார்கள். கணவர் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். எனக்கோ ஞாயிற்றுக்கிழமையிலும் நைட்டியை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

ஒரு வாரம், பள்ளிக்கரணையிலிருந்து ஒரு ரிடையர்டு வங்கி அதிகாரி ஓடாமல் கிடந்த தன்னுடைய பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கவிழ்த்தோம். பாடவில்லை. பக்கவாட்டில் நிறுத்தினோம். ம்ஹூம். அவர் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"நீங்க வேற ஏதோ பண்றீங்க. சொல்ல மாட்டேங்கறீங்க."

"சத்தியமா இல்ல சார்" என்றார் கணவர்.

"என்னுது வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கட்டுமா?"

ஓடாததைக் கொடுத்து ஓடுவதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கணவருக்கு வரவில்லை. பெண் கேட்டு வந்தவரிடம் மறுப்பதைப் போல, "அது பழகின வீட்டை விட்டு வராதுங்க சார்" என்று மென்மையாகச் சொன்னார்.

அதிகாரியின் முகம் வாடிப்போயிற்று. பாவமாக இருந்தது. "பைல ஏதோ சிடி வச்சிருக்கீங்களே, போடட்டுமா?" என்று கேட்டேன். போட்டுக் கவிழ்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

கடைக்காரர் இப்போது யாரையும் அழைத்து வருவதில்லை. அதிகாரி மட்டும் வாராவாரம் தன் சிடிகளோடு வருகிறார். அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காபி.