ஒரே ஸ்கூட்டரில் போனவர்கள்

தேவமணிக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து இறந்துபோன கணவர் பாக்கியசீலனின் பென்ஷன் மாதாமாதம் வந்துவிடும். மகள் ஸ்டெபி கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்குள் காலையில் குக்கர் விசில் அடங்கினால் அதற்குப் பிறகு சாயங்காலம் வரை சத்தமே கிடையாது. இரண்டு வார்த்தை பேசலாம் என்று பால்காரருக்காக வாசலில் காத்து நின்ற நாட்களும் உண்டு.

அதனால்தான் அவர் ‘பூந்துளி’ கம்பெனியில் சேர்ந்தார். சோப்பு, முகக் கிரீம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் அந்தக் கம்பெனியில் உண்டு. கடையில் கிடைக்காது. ஆட்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்க வேண்டும். தங்களுக்குக் கீழே வேறு ஆட்களைச் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் பங்கு வரும். தேவமணி அந்தப் பங்கைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. ஒரு கதவைத் தட்ட அவருக்குக் காரணம் கிடைத்திருந்தது.

அவருக்குக் கீழே முதலில் சேர்ந்தவள் சுகன்யா. மகாராஜ நகரில் குடியிருந்தாள். புருஷன் லாரியில் வெளியூர் போனால் வாரக் கணக்கில் வரமாட்டான். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது, தேவமணிக்கு ஊரெல்லாம் பழக்கம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் மேலப்பாளையம், சேரன்மகாதேவி, களக்காடு என்று சுற்றினார்கள். சேரன்மகாதேவியில் ஆற்றுப்பாலம் தாண்டியதும் ஒரு கடையில் டீ. வண்டி போகும்போது காற்றில் பேச்சு பாதிதான் கேட்கும். ஆனாலும் சுகன்யா பேசிக்கொண்டே ஓட்டுவாள், தேவமணி பின்னால் ‘ஊம்’ கொட்டிக்கொண்டே வருவார்.

போன வருடம் ‘ஹெல்த்ரூட்’ என்று புதிதாக ஒரு கம்பெனி திருநெல்வேலிக்கு வந்தது. விற்ற சாமான்கள் கிட்டத்தட்ட அதேதான். சுகன்யா ஒருநாள் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“யக்கா, நான் அங்கன சேர்ந்துட்டேன்.”

“எதுக்குளா? இங்கன உனக்கு என்ன குறை?”

“குறைன்னு இல்லக்கா. இங்கன நான் எப்பவும் உங்களுக்குக் கீழதான. அங்கன நானே மேல.”

தேவமணிக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து போன இத்தனை நாளும் யார் மேலே, யார் கீழே என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. அவள் நினைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீடுகளுக்குத் தனித்தனியாகப் போனார்கள். சுகன்யா ஸ்கூட்டரில், தேவமணி பஸ்ஸில். சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வருபவர்கள்கூட ‘நீங்க பூந்துளியா, ஹெல்த்ரூட்டா’ என்று பிரிந்து பேச ஆரம்பித்தார்கள். தேவமணி கேட்டைத் திறந்தால் சில வீடுகளில் டிவி சத்தம் சட்டென்று நின்றுபோகும். உள்ளே ஆள் இருப்பது தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டைப் பைய சாத்திவிட்டு வருவார்.

பூந்துளியின் திருநெல்வேலித் தலைவர் சாலமோன். அவர் கூட்டத்தில் வைத்து எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “அந்தக் கம்பெனி ஆட்களோட யாரும் பேசக்கூடாது. ரோட்டுல பாத்தாலும் பாக்காத மாதிரிப் போயிரணும்.” ஒருநாள் வண்ணாரப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் சுகன்யா எதிரே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். தேவமணி, வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். திரும்பவும் பார்த்தபோது வண்டி போயிருந்தது.

ஒரு காலையில் சாலமோன் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“யக்கா, களக்காட்டுல உங்க பழைய கஸ்டமர் தங்கத்தாய் இருக்காவள்லா, அவ மவளுக்கு ஹெல்த்ரூட் கிரீம் போட்டு மூஞ்சியெல்லாம் தடிச்சுப் போச்சாம். நீங்க போய் அந்தப் பிள்ளைய ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. எல்லாக் குரூப்புலயும் போட்டு உட்டா அவுங்க கதை முடிஞ்சுது.”

தேவமணி பஸ் பிடித்துப் போனார். தங்கத்தாய் வாழை இலை அறுத்துக் கட்டும் வேலைக்குப் போகிறவர். மகள் கவிதாராணி காலேஜில் படித்தாள். முகம் சிவந்து தடித்து, கண் இமை வீங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கிரீமை மட்டுந்தான் போட்டாளா?” என்று தேவமணி கேட்டார்.

தங்கத்தாய் தயங்கினார். “கோவிச்சுக்காதீய டீச்சரம்மா.” அவர் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் தங்கத்தாய் அப்படித்தான் கூப்பிடுவார். “நீங்க வந்து ஒண்ணு குடுத்தீய. மறுவாரம் சுகன்யா பிள்ள வந்து ஒண்ணு குடுத்துச்சு. ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவிய. யார வேண்டாங்கது? ரெண்டையும் வாங்கிட்டேன். இவ ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டையும் சேத்துப் பூசிட்டா.”

தேவமணி கையில் வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டார். கவிதாராணியை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு, சுகன்யாவைக் கூப்பிட்டார்.

“ஏளா, களக்காட்டுத் தங்கத்தாய் மவளுக்கு மூஞ்சி தடிச்சிருக்கு. நம்ம ரெண்டு பேரு கிரீமும்தான். நான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டு வாரேன். நீயும் ஆஸ்பத்திரிக்கு வா.”

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் அணைகிற சத்தம் கேட்டது.

“எங்க கம்பெனி மேல பழி போட என்னைய வச்சு வீடியோ எடுக்கவா கூப்பிடுதீய?”

“நான் அப்படிச் செய்வேனாளா?”

“தெரியலக்கா” என்றாள் சுகன்யா. “ரோட்டுல பாத்தாலே மூஞ்சியத் திருப்புதீய. எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் வரவில்லை. டாக்டர் இரண்டு கிரீமையும் தூரப் போடச் சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்தார். கவிதாராணி பஸ்ஸில் திரும்பும்போது தேவமணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். களக்காடு வரும்வரை தேவமணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆளின் பாரம் தன்மேல் சாய்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

வீடியோ வரவில்லை என்று சாலமோன் சத்தம் போட்டார். “நம்ம கிரீமும் சேந்துதான் பண்ணியிருக்கு, தம்பி. அதையும் சேத்துச் சொல்லுதேன், எடுக்கட்டுமா?” என்று தேவமணி கேட்டார். அன்று சாயங்காலமே குரூப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். காலையில் வணக்கமும் பூப்படமுமாக நிறைகிற அந்தப் போன் அமைதியாகிவிட்டது. மீதமிருந்த சாமான்களை அவர் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு சுகன்யாவிடமிருந்து ஒரு வாழ்த்துப் படம் வந்தது. கீழே ஹெல்த்ரூட் சின்னம் போட்டு எல்லோருக்கும் அனுப்பியது. தேவமணி நெடுநேரம் யோசித்து, ‘நல்லா இருக்கியாளா? பைய வண்டி ஓட்டு’ என்று அனுப்பினார். படித்துவிட்டாள் என்பதற்கு நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

பழகிய வீடுகளுக்குச் சும்மா போய்ப் பார்த்தார். “போன மாசம் வாங்குனதே இருக்குக்கா” என்று, அவர் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்கள். ஒன்றும் விற்க வரவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் களக்காட்டுக்குப் போனார். கவிதாராணி காலேஜுக்குப் போயிருந்தாள். முகம் சரியாகிவிட்டதாம். தங்கத்தாய் முற்றத்தில் இலைக் கட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தார். “என்ன டீச்சரம்மா, ஏதும் சோலியா?” என்று கேட்டு, இல்லை என்றதும் சற்று விழித்தார். பிறகு நகர்ந்து இடம்விட்டார். கிழியாத இலையை ஒருபுறமும் கிழிந்ததை இன்னொருபுறமும் எப்படிப் பிரிப்பது என்று காட்டினார். தேவமணியும் உட்கார்ந்து பிரித்தார். வெயில் ஏறியதும் தேவமணி சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அடுத்து எப்ப வாரீய?” என்று தங்கத்தாய் கேட்டார்.

தேவமணி “வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.