கோழிக்கு டொக்டர் வருகிற பண்ணைக்குப் போய் வந்தேன்

போன செவ்வாய்க்கிழமை வத்தளைக்கு அங்கால் ஒரு கோழிப் பண்ணைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருசம் வேலை செய்த இடம். காலில் பட்ட கீறல் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் கேட்காமல், மூன்று வாரத்தில் போய்விட்டார். இப்போது அங்கே வேலை செய்கிற என் தம்பி ரவிக்கும் கையில் புண். அவனைக் கூட்டிவரத்தான் போனேன்.

காலை 6.40க்குக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன். வத்தளைக்கு 35 நிமிடம், 50 ரூபா. அதற்குப் பிறகு பஸ் இல்லை. ஓட்டோவில் 9 கிலோமீற்றர், 900 ரூபா.

"கோழி வாங்கவா அக்கா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"இல்ல, தம்பிய வாங்க."

"கிலோ என்ன விலை?" என்று சிரித்தார். விசயத்தைச் சொன்னதும், திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறேன் என்றார்.

பண்ணை வாசலில் வாகனச் சில்லு நனைய மருந்துத் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலைக்காரர் கை கழுவ ஒரு பைப் இல்லை. ரவி வெறுங்கையால் தீனியில் மஞ்சள் நிற மருந்துப் பவுடர் கலந்துகொண்டிருந்தான். புண்ணிலும் அதே பவுடர்தான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போட்டவர்.

சுப்பவைசர் வந்தார். "பயப்படாதீங்க அக்கா. நல்ல பவுடர். கோழிக்கே கேக்குது."

"கோழிக்கு நோய் வருத்தம் வரமுந்தியே குடுக்கிறீங்க. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை டொக்டரும் வாறார். என்ர வீட்டுக்காரர் செத்ததுக்கு ஒருத்தரும் வரேல்லயே."

"இப்பிடிக் கதைச்சா தம்பிக்கு வேலை இருக்காது."

"இருக்க வேண்டாம்."

மருந்தின் பெயர் போட்ட வெறும் பவுடர்ப் பக்கெட் உறை ஒன்றைப் பையில் போட்டேன். வாசலில் நின்ற அதே ஓட்டோவில் ரவியை ஏற்றினேன். 11.15க்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டொக்டர் என்ன வேலை என்று கேட்டார். "கம்பனியில..." என்று ரவி இழுத்தான். நான் பக்கெட்டை மேசையில் வைத்தேன். "கோழிப் பண்ணை, டொக்டர்."

அவர் புண்ணில் பஞ்சு தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார். தினமும் இந்தப் பவுடரைக் கோழிக்குக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுமாம். பழகிய கிருமிதான் வேலை செய்கிறவனின் புண்ணில் ஏறுகிறதாம். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கேட்கிற மருந்து ஒன்று இருந்தது. ரவிக்குப் புண் காய்கிறது.

உங்கள் ஆட்களைப் பார்க்கப் பண்ணைக்குப் போவதென்றால் பத்து மணிக்கு முன் போங்கள், தீனி கலப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஓட்டோவை நிற்கச் சொல்லுங்கள். பக்கெட்டை எடுத்து வாருங்கள். டொக்டரிடம் வேலையை மறைக்காதீர்கள். கோழி நாற்றம் என்று சனம் சொல்லும் என்று என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு, ஊர் முழுக்கக் கம்பனி வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை என்று டொக்டர் கேட்டபோது நானும் அதையே சொன்னேன்.