உறைந்த எண்ணெயும் ஒரு கணக்குப் பரீட்சையும்

ஆண்டவரை நம்பியிருக்கும் அன்பானவர்களே, என் சாட்சியை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். "பாதியைச் சொல், மீதியை விட்டுவிடு" என்று எங்கள் ஜெபக் குழுவில் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அந்த மீதியில்தான் ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். அதை எப்படி விடுவது? விட மாட்டேன்.

1974 டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெசன்ட் நகரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து என் வலது கால் மரத்துப்போயிருந்தது. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. அதன் பக்கத்தில் பூட்டிய சைடுகாரில் என் மகள் கிருபா, மடியில் ஜாமெட்ரி பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு மயிலாப்பூரில் அவளுக்கு அரைப்பரீட்சை. கணக்கு. பத்தரைக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். அப்போது மணி ஒன்பது.

கிருபாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு காலிலும் இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பாள். பஸ்ஸில் அனுப்பிப் பார்த்தோம். கூட்டத்தில் ஏற முடியாமல் படியிலிருந்து விழுந்தாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், பஸ் போய்விட்டது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் தேவராஜ் எங்கேயோ தேடிப் பிடித்து இந்தப் பழைய வண்டியையும் சைடுகாரையும் கொண்டுவந்தார். அவர் வடபழனியில் சினிமா கம்பெனிகளுக்கு விளக்குப் பிடிக்கிறவர். பாதி மாதம் வெளியூர் ஷூட்டிங் போய்விடுவார். அதனால் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

பொம்பளை, புடவையைச் சொருகிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டினால் ஊர் சும்மா இருக்குமா? பீச்சில் நின்று கைதட்டினார்கள். ஜெபக் குழுவில் முகம் சுளித்தார்கள். நான் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டு போனேன்.

கிருபாவைச் சேர்க்கும்போதே ஹெட்மிஸ்ட்ரஸ் கறாராகச் சொன்னார். "எஸ்.எஸ்.எல்.சி. பதினொண்ணாவதுல அரைப்பரீட்சையில ஒண்ணு விட்டாலும் பொதுப் பரீட்சைக்குப் பேர் அனுப்ப மாட்டேன். காலைக் காட்டி சலுகை கேட்டு வராதீங்க." நான், "கேக்க மாட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரோஷத்தில் சொன்ன வார்த்தை அது. அந்தச் செவ்வாய்க்கிழமை அது என் கழுத்தைப் பிடித்தது.

அப்போது பெசன்ட் நகரில் வீடுகளைவிட மணல்தான் அதிகம். அடையாறுக்கு ஓடி ரிக்‌ஷா பிடித்து, அது இங்கே வந்து, மறுபடி மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். தேவராஜ் ஊட்டியில் இருந்தார். உதவிக்கு ஆள் இல்லை.

சாவியைப் போட்டால் ஹெட்லைட் மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது எரியவில்லை. ஹாரனும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது தேவராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. "லில்லி, செட்டுல லைட் எரியலன்னா நாங்க லைட்டையா தட்டிக்கினு இருப்போம்? கரண்ட் கெளம்புற எடத்துலேர்ந்து பல்பை வச்சிப் பாத்துக்கினே வருவோம். எங்க நிக்குதோ அங்கதான் வியாதி." இரண்டு ஒயர் வைத்த ஒரு சின்ன பல்பையும் டூல் பாக்ஸில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பல்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது. ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் வியாதி ஹெட்லைட் கூட்டுக்குள்தான். "அதை மட்டும் தொறந்துடாத, உள்ள ஒயருங்க சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கீது" என்று தேவராஜ் சொல்லியிருந்தார். அங்கே நான் நின்றுவிட்டேன். மறுபடி உதைத்தேன். கரண்ட் வராத வண்டியை உதைத்து என்ன பிரயோஜனம்? தெரியும். இருந்தாலும் உதைத்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சலோமி அக்கா வந்தார். எங்கள் ஜெபக் குழுவுக்கு அவர்தான் மூத்தவர். என் பிரசவத்திலிருந்து கிருபாவின் ஜுரம் வரைக்கும் எங்களுக்காக முழங்காலில் நின்றவர். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஒதைக்காதடி லில்லி. ஆண்டவர் தடுக்கிறாரு. வழியில இன்னா ஆபத்து காத்துக்கினு கீதோ."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "அவரு தடுக்கணும்னா என்னைத் தடுக்கட்டும்க்கா. நொண்டிப் புள்ள எழுதுற பரீட்சைய இன்னாத்துக்குத் தடுக்கறாரு?"

அந்த வார்த்தையை என் பிள்ளை முன்னால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கிருபா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "அம்மா, நான் நொண்டிதான். ஆனா கணக்கெல்லாம் படிச்சிட்டேம்மா" என்றாள்.

என் நெஞ்சு உடைந்துபோயிற்று. அங்கேயே, எண்ணெய்க்கறை படிந்த தரையில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் எல்லாம் வரவில்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, இந்த வண்டியை நீர் கிளப்ப வேண்டாம். கோளாறு எங்கே என்று காட்டும், போதும். கையை நான் போடுகிறேன். இவள் படித்திருக்கிறாள். இவள் எழுதுவாள். காட்டுகிறவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்." இவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொன்னேனா தெரியாது.

கண்ணைத் திறந்தேன். எதிரே காம்பவுண்டுச் சுவர். சுவர்மேல் கிருபாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் கட்டியாகிவிட்டது என்று காலையில் அவள்தான் அதை வெயிலில் வைக்கச் சொன்னாள். உருகக் காத்திருக்க நேரமில்லாமல் வறண்ட தலையோடு பின்னிக்கொண்டாள். இப்போது பாட்டிலில் மேல்பாதி உருகித் தெளிந்திருந்தது. கீழ்ப்பாதி இன்னும் வெள்ளை வெளேரென்று மெழுகுபோல் இருந்தது.

அதைப் பார்த்ததும் முந்தின நாள் சாயங்காலம் கண்முன் வந்து நின்றது. பரீட்சைக்காக ஜெபிக்க வந்த சலோமி அக்கா, வண்டியையும் அபிஷேகம் பண்ண வேண்டும் என்றார். ஒலிவ எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போவது? அவர் தேங்காய் எண்ணெயைத்தான் ஜெபித்து வைத்திருப்பார். உறைந்திருந்ததை அடுப்பில் உருக்கி, ஒரு டம்ளரில் சுடச்சுடக் கொண்டுவந்தார். ஹேண்டில்பாரில் தடவினார், சீட்டில் தடவினார். "இங்கேர்ந்துதானே வண்டிக்கு உயிர் வருது" என்று மிச்சத்தை ஹெட்லைட் மேலிருக்கும் சாவித் துளையில் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். ஆமாம், நானும்தான் சொன்னேன்.

அன்று காலை சாவி 'டக்' என்று உட்காரவில்லை. சோற்றில் குத்தினதுபோல் மெத்தென்று இறங்கியது. அவசரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

"அக்கா, நேத்து நீங்க ஊத்தின எண்ணெய் உள்ள உறைஞ்சி கெடக்குது, கரண்ட் சேர முடியல" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் சமாதானம் சொல்ல நிற்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன். கொதித்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அக்கா கையில் கொடுத்தேன். "ஜெபிக்கிற கையால இத ஹெட்லைட் மேல அழுத்திப் புடிங்கக்கா."

பிடித்தார். சூடு பொறுக்காமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார், ஆனால் எடுக்கவில்லை. கிருபா தன் பேனாவுக்கு மை விடும் ஃபில்லரை நீட்டினாள். ஸ்டவ்விலிருந்து அதில் மண்ணெண்ணெய் எடுத்துச் சாவித் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன். சாவியைக் குத்துவேன், எடுப்பேன், புடவைத் தலைப்பில் துடைப்பேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளையாகக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனை தடவையோ, எண்ணவில்லை. கடைசியில் சாவி சுத்தமாக வந்தது.

நன்றாகத் துடைத்து, ஊதிக் காயவிட்டு, பேட்டரி ஒயரை மாட்டினேன். சாவியைப் போட்டேன். டக்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மிளகு அளவு விளக்கு. அதைப் பார்த்து நானும் சலோமி அக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கிருபாதான், "அம்மா, மணி ஒம்பது அம்பது" என்று அதட்டினாள். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

அடையாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. யார் வேடிக்கை பார்த்தார்கள், யார் சிரித்தார்கள், ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். பத்து இருபது. எங்கள் இரண்டு பேர் மேலும் மண்ணெண்ணெய் நாற்றம்.

"என்னம்மா இது வாடை?"

"வண்டி மக்கர் பண்ணிச்சி டீச்சர். சலுகை ஒண்ணும் கேக்க வரல. இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

அவர் கிருபாவின் பையைத் தானே வாங்கிக்கொண்டு, "வாம்மா, ஹால் மாடியில இல்ல, கீழதான் போட்டிருக்கேன்" என்று அழைத்துப் போனார். கறாரான அந்த அம்மாள் என் பிள்ளைக்காக ஹாலைக் கீழே மாற்றி வைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். அதற்கு முன்னால்தான் அந்தப் புத்திமதி. "ஜெபிச்சேன், வண்டி கெளம்பிச்சின்னு சொல்லும்மா. எண்ணெய் சமாச்சாரம் வேணாம். கேக்கிறவங்க விசுவாசம் ஆடிப்போவும்." உண்மையைச் சொன்னால் ஆடிப்போகிற விசுவாசம் யாருக்கு வேண்டும்? நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் பெயரை மட்டும் மறைத்து, "ஒரு சகோதரி எண்ணெய் ஊற்றினார்கள்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து சலோமி அக்கா எழுந்தார். "ஒரு சகோதரி இன்னாடி, ஒரு சகோதரி? சலோமின்னு சொல்லு. எண்ணெய் ஊத்தினது நான்தான். சுடுதுணி புடிச்சதும் நான்தான், அதையும் சேத்துச் சொல்லு." சொல்லிவிட்டு, கொப்புளம் ஆறாத கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அழாதவர்கள் யாரும் இல்லை.

கிருபா அரைப்பரீட்சை எல்லாம் எழுதினாள். பொதுப் பரீட்சையும் எழுதித் தேறினாள். இப்போது காலேஜில் கணக்கையே எடுத்துப் படிக்கிறாள். அதே வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் சலோமி அக்கா எண்ணெயோடு வருகிறார். கிருபாவின் தலையில் வைப்பார், என் தலையில் வைப்பார். வண்டிப் பக்கம் வரும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் "நடத்தித் தாரும்" என்று ஜெபிப்பேன். இப்போது "காட்டும்" என்று ஜெபிக்கிறேன். அவர் காட்டாமல் இருந்ததே இல்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று கிளம்பாமல் நிற்கலாம். கேளுங்கள். அழுதுகொண்டு கேளுங்கள், கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். காட்டியதும் கையைப் போடுங்கள். பக்கத்தில் யாராவது நின்று, ஆண்டவர் தடுக்கிறார் என்று சொன்னால், அவர்களோடு சண்டை போட நேரமில்லை. அவர்கள் கையிலும் ஒரு சுடுதுணியைக் கொடுங்கள்.