அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர்

எங்கள் மந்தைவெளி வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியது, வீட்டில் பாடிப் பதிந்தது என்று நாற்பது பாட்டு. என் பெயரில் எதுவும் இல்லை. எனக்கு ஒன்பது வயது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அப்பா கணக்கு வாத்தியார். கரும்பலகையில் ஒரு கோடு மிச்சமிருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் வகுப்பை விட்டு வருவார். கம்ப்யூட்டரிலும் அதே பழக்கம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேண்டாததை அழித்து, கையோடு அதன் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுவார். ஒரு ஞாயிறு அக்காவின் ஃபோல்டரும் அதோடு போய்விட்டது. இசைக் கல்லூரிக்கு அந்த வாரம் அவள் மூன்று பாட்டு அனுப்பவேண்டும். அப்பா பேயறைந்தவர்போல உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய அந்த நல்லபிள்ளைத்தனம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு போன் போனது. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

“எல்லாம் உள்ளதான் கீதுண்ணா. அது மேல புதுசா எதுனா ஏறினாதான் போச்சு. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க.”

எனக்கு அது வழி சொன்னதுபோல இருந்தது. எல்லோரும் அக்காவைத் தேற்றிக்கொண்டிருந்தபோது என் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, கேமராவிலிருந்து என் பிறந்தநாள் படங்களை ஏற்றினேன். பாதியில் பயம் வந்து நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்து, ஒவ்வொன்றாக மீட்டு பென் டிரைவில் போட்டார். முப்பத்தொன்பது பாட்டு வந்தது. ஒன்று மட்டும் திறக்கவில்லை. என் ஃபோல்டரில் படங்கள் ஏறிய நேரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது போனது போனதுதான் என்று மட்டும் சொன்னார்.

கல்லூரிக்கு வேண்டிய மூன்றும் கிடைத்தும் அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தொன்பது போதாதா இவளுக்கு என்று நினைத்தேன். ஒன்றாவது தொலைந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம் அக்கா என் மகளை மடியில் போட்டுப் பாடித் தூங்கவைத்தாள்.

“நாலு வயசுல நீ இதை என்கூட பாடின. பாதியில சிரிச்சிட்ட. பதிஞ்சு வெச்சிருந்தேன், அது ஒண்ணுதான் திரும்பி வரல” என்றாள்.

அந்த ஃபோல்டரில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது. அதன் மேல்தான் என் பிறந்தநாள் படங்களை ஏற்றியிருக்கிறேன்.