தரைத்தளத்துக்கும் ஒரு பங்கு வெயில்

எங்கள் மொட்டை மாடியின் சிவப்புத் தட்டோடுகள்மேல் ஒரு மார்கழி நாள் முழுக்க வெள்ளைச் சாக்பீஸ் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. காலை எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் மணி எழுதியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரைக்கும் நீள்கிறது என்று வரைந்துகொண்டிருந்தார் அந்த அம்மாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், மடியில் ஒரு நோட்டு. நோயாளியின் காய்ச்சலை மணிக்கொருதரம் குறிப்பதுபோல் நிழலைக் குறித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கைவந்த வேலைதான். அரசு மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் கட்டடம். நான்கு தளம், எட்டு வீடு. நான் இரண்டாம் மாடி. அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற பதவியும் என் தலையில் இருந்தது. அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது, யார் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறாரோ அவரைச் செயலாளராக்கி விடுவது எங்கள் வழக்கம். ஆனாலும் பதவி பதவிதானே. மேலே போய்க் கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன், கீழ்வீட்டுக்காரருக்கு மொட்டை மாடியில் என்ன வேலை என்று. இன்றைக்கும் நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றுகிற கேள்வி அது.

"இன்னா நைனா, இப்டிக் கேட்டுட்ட? சோலார் வைக்கப் போறேன். என் பங்கு வெயில் எங்க கீதுன்னு பாத்துக்கினு கீறேன்" என்றார் சிஸ்டர். தலை நிமிரவே இல்லை. பதினொரு மணிக் கோடு பாதியில் இருந்தது.

அவர் சொன்ன அந்தப் பங்கு வெயில் எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது. அவர் வீட்டுக்குள் நான் போய்ப் பார்த்திருந்தால் வேடிக்கையாக இருந்திருக்காது. பக்கத்து மனையில் ஐந்து மாடி எழும்பியதிலிருந்து அவர் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் நின்றுபோயிருந்தது. பகல் பத்து மணிக்கும் டியூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். ஊரூர் குப்பத்தில் பிறந்தவர் அவர். கண் விழித்தால் கடல், அதன்மேல் சூரியன் என்று வளர்ந்த மனுஷி. சம்பாத்தியத்தையெல்லாம் போட்டு வாங்கிய சொந்த வீட்டில், சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெயிலைக் கீழே கொண்டுவர முடியாவிட்டால் கம்பி வழியாகவாவது கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்திருந்தார்.

கடைக்காரர்களை அவர் நடத்திய விதத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். வழவழப்பான தாளில் படம் காட்டியவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான்: "அஞ்சு வருசத்துக்கு மின்னாடி வச்சது ஒண்ணு காட்டு." பாதிப் பேர் அதோடு திரும்பி வரவில்லை. ஒருவர் மட்டும் அடையாறில் ஒரு வீட்டு மாடிக்கு அழைத்துப்போனார். சிஸ்டர் பேனலைப் பார்க்கவே இல்லையாம், குனிந்து அதைத் தாங்கும் கால்களையும் போல்ட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தாராம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று குப்பத்தில் பிறந்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துரு இல்லாத போல்ட் போட்ட அந்த ஆளிடமே வேலையைக் கொடுத்தார். தளத்தில் ஓட்டை போடக் கூடாது, கான்கிரீட் கட்டைகளின் பாரத்திலேயே கால்கள் நிற்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை. மூன்றாம் மாடியில் ஒழுகினால் பழி யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும்.

சங்கக் கூட்டம் கூடியது. மூன்றாம் மாடி மாமாவுக்கு மொட்டை மாடி பல வருஷமாகச் சொந்தத் தோட்டம் மாதிரி. தொட்டிச் செடி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, ஊஞ்சல் எல்லாம் அவருடையவை. அவர் நல்ல மனிதர். ஆனால் பல வருஷம் அனுபவித்ததை நாமே சம்பாதித்ததாக நினைத்துவிடுகிற குணம் நல்ல மனிதர்களுக்கும் உண்டு. "வச்சுக்கட்டும், நான் வேண்டாங்கலை. தொட்டிக்கு வடக்கால இடம் சும்மாத்தானே கெடக்கு? ஆனா தெக்க பாத்து மட்டும் சாய்க்கப்படாது. எமன் திக்கு அது. எட்டு குடும்பம் இருந்துண்டிருக்கு இந்தக் கட்டடத்துல" என்றார்.

சிஸ்டர் நோட்டைப் பிரித்து வைத்தார். தொட்டிக்கு வடக்கே மார்கழி, தை மாதங்களில் உச்சி வேளையில் நிழல் விழும், அந்த இடம் உதவாது. கொஞ்சம் நிழல் விழுந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் கேட்டேன். "ட்ரிப்ஸ் டியூப்பு ஒரு எடத்துல மடிஞ்சா போதும் நைனா, மொத்தமும் நின்னுடும். பேனலுங்கள வரிசையாக் கோத்துத்தான் வைக்கிறாங்க. ஒண்ணு நெழல்ல நின்னா மத்ததையும் சேத்து இழுத்துக்கும்" என்றார். பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "எமன் திக்கா? முப்பது வருசம் வார்டுல அந்தாளப் பாத்துக்கினே இருந்தவ நானு. அவரு தெக்கேருந்து மட்டும் வர்றதில்ல மாமா, எல்லா வாசல்லயும் வருவாரு. நம்ம ஊருக்கு வெயிலு தெக்கால சாய்ஞ்சிதான் வருது. நான் இன்னா பண்ண?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பத்திரத்தையும் எடுத்து வைத்தார். நிலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று அதில் தெளிவாக இருந்தது. மண்ணில் பங்கு உண்டென்றால் அந்த மண்ணுக்கு மேலே விழுகிற வெயிலில் இல்லையா என்று கேட்டார். பதில் இல்லாதவர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். பொதுநலன் கருதி அனுமதி இல்லை என்று தீர்மானம் போட்டோம். கீழே கையெழுத்து என்னுடையது.

கடிதத்தைக் கொடுத்த அன்றே சிஸ்டர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "படிச்சேன். திங்கக்கெழம ஆளு வருது. தடுக்கணும்னா கோர்ட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். குரலை உயர்த்தவில்லை. நான் கோர்ட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தேன். மாமாவின் யோசனைதான் அது, ஆனால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டவன் நான். திங்கட்கிழமை விடியற்காலையில் மொட்டை மாடிக் கதவைப் பூட்டினேன்.

சிஸ்டர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை என்றால் எட்டு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்த துணி துவைக்கிற நாள். எட்டு மணிக்கு முதல் வாளி வந்தது. ஒன்பது மணிக்குள் ஆறு வாளிகள் படிக்கட்டில் வரிசை கட்டி நின்றன. ஈரம் சொட்டிச் சொட்டி இரண்டாம் மாடி வரைக்கும் தண்ணீர். வந்தவர்கள் ஒவ்வொருவராக என்ன விஷயம் என்று சிஸ்டரைக் கேட்டார்கள். "வெயிலப் பூட்டிட்டாரும்மா செக்ரட்டரி" என்று மட்டும் சொன்னார் அவர். பத்து மணிக்கு என் மனைவியும் வாளியோடு வந்து நின்றாள். மூன்றாம் மாடி மாமிகூட, "சாவியைக் குடுங்கோ சார், வேட்டியெல்லாம் நாறப் போறது" என்றார். பத்தேகாலுக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன். துணிகளுக்குப் பின்னாலேயே பேனல்களும் மேலே போயின. தொட்டிக்குத் தெற்கே, தெற்குப் பார்த்து, ஆறு பேனல்கள். மூன்றாம் நாள் கம்பி சுவரோரமாக இறங்கித் தரைத்தளத்துக்குப் போயிற்று. வாரம் ஒரு முறை சிஸ்டர், வெயில் ஏறுவதற்கு முன்னால் மேலே வந்து காக்கை எச்சத்தையும் தூசியையும் துடைத்துவிட்டுப் போவார்.

அவ்வளவு சுலபத்தில் நாங்கள் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்களா? அடுத்த வருஷ மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. பேனல் பறந்து யார் தலையிலாவது விழப்போகிறது என்று நான் எழுத்தில் எச்சரித்தேன். குப்பத்திலிருந்து சிஸ்டரின் தம்பி படகுக் கயிற்றோடு வந்து, கட்டைகளையும் கால்களையும் சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். புயல் அடித்தது. சந்தில் பறந்து விழுந்து கிடந்தது மாமாவின் தகரக் கூரை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பேனல்கள் ஓர் அங்குலம் அசையவில்லை.

ஆனால் மின்சாரம் போய்விட்டது. இரண்டாம் நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி, சுள்ளென்று வெயில். சிஸ்டர் வீட்டிலும் மின்விசிறி ஓடவில்லை. எங்களுக்குக் கொண்டாட்டம். வாசலில் கூடி நின்று பேசினோம். "சூரியன் இருக்கான், பேனல் இருக்கு, கரண்ட் எங்க போச்சு சிஸ்டர்?" என்று மாமா கேட்க, எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

சிஸ்டர் கையை நீட்டிச் சந்து முனையைக் காட்டினார். அங்கே கம்பத்தின் உச்சியில் ஒரு மின்வாரியத் தொழிலாளி தொங்கியபடி அறுந்த கம்பியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். "அதோ கீறாரே, அவருக்குத்தான் நிறுத்தி வச்சிக்கீது. ரோட்டுல கரண்டு இல்லாதப்ப என் வூட்டு கரண்டு அந்தக் கம்பில ஏறிச்சுன்னா அந்தாளு கதி இன்னா? அதுக்குத்தான் மெஷினு தானா நின்னுக்குது. கேட்டுத் தெரிஞ்சிக்கினுதான் வாங்கினேன். கம்பத்துலேர்ந்து கருகி வந்த கையிங்களுக்குக் கட்டுப் போட்டவ நானு. நீங்க யாராச்சும் பாத்துக்கீறீங்களா?" என்றார். பேட்டரி வைத்திருக்கலாமே என்று யாரோ முனகினார்கள். "வைக்கலாம். எனக்கு வேணாம். ரெண்டு நாள் இருட்டு எனக்கு இன்னா புதுசா? பகல்லயே இருட்டுல குந்திக்கினு இருந்தவ நானு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்பத்தில் இருந்தவருக்கு ஒரு செம்பு மோரோடு திரும்பி வந்தார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. அந்த வருஷக் கூட்டத்தில் மொட்டை மாடியை எட்டுப் பங்காக அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவர் மாமா. மாடி அளந்த பிறகு அவருடைய ஊஞ்சல் அவர் பங்குக்குள் நகர்ந்தது.

சிஸ்டர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவருடைய தங்கை மகள் இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள். மாமாவின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு நடப்பது எங்கள் சந்துக்கும் வந்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்து ஒன்பது மாடி கட்டித் தருகிறோம் என்கிறார் ஒரு பில்டர். ஆறு வீட்டுக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பில்டரின் ஆள் என் வீட்டுக்கு வந்தார். சட்டை கசங்காத, மரியாதையான இளைஞர். அவர் நீட்டிய ஒப்பந்தத்தை நானும் படித்துப் பார்த்தேன். நாற்பதாவது பக்கத்தில், பொடி எழுத்தில், மொட்டை மாடியின் முழு உரிமையும் ஒன்பதாம் மாடி வீட்டுக்கே என்று இருந்தது.

"லிஃப்டுக்கும் மாடிப்படி லைட்டுக்கும் நாங்களே சோலார் போட்டுடுவோம் சார். கீழ இருக்கறவங்களுக்கு அந்த டென்ஷனே வேணாம்" என்றார் அவர். என் பேனாவை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் எழுதினேன்: தரைத்தளம் உட்பட எல்லா வீடுகளுக்கும் மொட்டை மாடி வெயிலில் சம பங்கு. பத்திரத்தில் வெயில் என்றெல்லாம் போட முடியாது சார், வக்கீல் சிரிப்பார் என்றார். சிரிக்கட்டும், நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான் என்றேன்.

கையெழுத்துப் போடவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணும் போடவில்லை. எட்டுக் கையெழுத்தும் இல்லாமல் இடிக்க மாட்டேன் என்கிறார் பில்டர், அதனால் ஆறு வீட்டுக்காரர்களும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயதான காலத்தில் எதற்கு இந்த வீம்பு என்று என் மனைவியே கேட்கிறாள். வீம்புதான். அந்த இளைஞர் புதிய தாள்களோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். நான் எழுதிய சம பங்கு வரி இல்லாவிட்டால் அந்தத் தாளிலும் ஓரத்தில் அதையேதான் எழுதுவேன்.